கோப்பைக்கு நேர்ந்துவிட்ட கூந்தல்

துர்கா என்கிற பேர் தேவயானியின் காதில் முதன்முதல் விழுந்தது ஒரு சாவு வீட்டில். பொதட்டூர்பேட்டையில் சித்தி சந்திராவின் மாமனார் தவறிப்போயிருந்தார். பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவந்துகொண்டிருந்த நேரம். ஒரு பையன் வாயில் துண்டை அழுத்திக்கொண்டு பந்தலுக்குள் வந்தான். துண்டு முழுக்க ரத்தம். முன்பல் இரண்டும் உள்ளங்கையில் இருந்தன.

"எவன்டா அட்ச்சது?" என்று பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள்.

அடிபட்டவனால் பேச முடியவில்லை. கூட வந்தவன்தான் சொன்னான்: "எவனும் இல்ல மாமா. துர்கா. கிரிக்கெட் ஆட்டத்துல அவுட்டு இல்லன்னு சொல்லிச்சி. இவன் சடைய புட்ச்சி இஸ்தான். பேட்டாலயே வாய்ல வெச்சிடிச்சி."

சாவு வீடென்றும் பாராமல் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். சித்தி தேவயானியின் காதோரம் குனிந்தாள். "சிரிக்காத. உன் மாமியாருக்கு ஒன்னுவிட்ட அண்ணன் முனியன் இல்ல? அவர் மவதான். நெலம் பூட்ட பிறகு இங்க வந்து தறி ஓட்றாங்களே, அந்தக் குடும்பம். ரவ கைகாரப் புள்ள."

அந்தக் கைகாரப் பெண்ணே தன் கொழுந்தன் பரந்தாமனுக்குப் பெண்டாட்டியாகத் தன் வீட்டுக்கு வந்து சேருவாள் என்று தேவயானி அன்றைக்கு நினைக்கவில்லை. சில வருஷம் கழித்து முனியன், ஓடுகிற தறிமேலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மாமியார் சின்னம்மாள் அண்ணன் பிணத்துக்கு முன்னால் மார்பில் அடித்துக்கொண்டு, "உன் பொண்ணு இனிமே என் வூட்டுப் புள்ள அண்ணா" என்று கதறினாள். அழுகையில் விட்ட வார்த்தைதான். ஆனால் அவள் வாயிலிருந்து வந்த வார்த்தையை அவள் ஒருநாளும் திரும்ப எடுத்துக்கொண்டவளில்லை. கருமாதி முடிந்த கையோடு கல்யாணப் பேச்சு நடந்தது. பல் உடைந்த கதையை மட்டும் இரண்டு பக்கமும் யாரும் எடுக்கவில்லை.

வீடு கே.ஜி.கண்டிகையில், பஸ் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, கரும்புக் கொல்லையை ஒட்டி. வாசலில் நின்றால் திருத்தணி மலை தெரியும். முருகன் கோபம் தணிந்து உட்கார்ந்த மலை அது. மற்ற ஊர்களில் சூரனை வெட்டுகிற நாளில் இங்கே சாமிக்குப் பூவைக் கொட்டுவார்கள். அந்த வாசலுக்கு இந்தப் பக்கம் கோபம் தணிந்து தேவயானி பார்த்ததில்லை. மாமனார் இருந்தவரை சின்னம்மாளை ஏர்க்கயிற்றால் அடித்தார். தேவயானியின் புருஷன் முருகவேல், இரண்டு பிள்ளை பிறக்கிறவரை தேவயானியை அடித்தான். அப்புறம் கை வலிக்கிறதென்றோ என்னவோ குறைத்துக்கொண்டான். நிலம் பாகம் பிரிந்த மாதிரி அடியும் அப்பனிடமிருந்து பிள்ளைகளுக்குப் பாகமாக வந்தது. சின்னவன் பரந்தாமனுக்கு மட்டும் அது கிரிக்கெட்டோடு சேர்ந்து வந்தது.

நெல் அறுக்கிற மெஷின் ஓட்டுகிறவன் அவன். மற்ற நாளில் சிரித்துப் பேசுவான், அண்ணன் பிள்ளைகளுக்குப் பரோட்டா வாங்கி வருவான். இந்தியா ஆடுகிற நாளில் வீடு அவன் சொன்னபடி மூச்சு விடவேண்டும். அதே பச்சை பனியன், அதே பிளாஸ்டிக் நாற்காலி. விக்கெட் விழாமல் போய்க்கொண்டிருந்தால் யார் எந்த இடத்தில் இருந்தார்களோ அந்த இடத்திலேயே இருக்கவேண்டும். ஒருமுறை முருகவேல் ஒண்ணுக்குப் போக எழுந்தான். "குந்துடா! நீ எய்ந்தா அவன் அவுட்டு ஆவான்" என்று அண்ணனையே வேட்டியைப் பிடித்து உட்கார வைத்தான்.

இந்த வீட்டில் வந்து மாட்டினவள் துர்கா. அவள் பிறந்த வீட்டில் தறி ஓடும்போது டிவி சத்தம் கேட்காது. முனியன் மேட்சுக்காகத் தறியை நிறுத்துகிறவரும் இல்லை. மகள் படத்தை மட்டும் பார்த்தே ஆட்டத்தைப் படித்துக்கொண்டாள். மட்டைக்காரன் கால் போகிற போக்கைப் பார்த்தே "போச்சு" என்பாள். அதற்கப்புறம்தான் பந்து போய் ஸ்டம்பைத் தட்டும். வந்த புதிதில் வீடே வாயைப் பிளந்தது. இரண்டு மேட்ச் தோற்றதும் பரந்தாமன் அதற்கு வேறு பேர் வைத்தான்.

"கருநாக்கு. இவ சொல்றதாலதான் போவுது."

"நான் சொல்லாட்டியும் போவும். அவன் கால் போவல, பந்து உள்ள வருது, நீயே பாரு" என்றாள் துர்கா. ரிமோட் பறந்துவந்து அவள் புருவத்தைப் பிளந்தது. அதுதான் முதல் அடி. அதற்குப் பிறகு மேட்ச் அன்று அவள் சமையல்கட்டை விட்டு வரக்கூடாதென்று சட்டமானது. அவள் கதவுச் சந்தில் நின்று பார்த்தாள். பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. அந்த வீட்டில் யாரையும்விட அவளுக்குத்தான் இந்தியா ஜெயிக்கவேண்டும். தோற்ற அன்று உடம்பு யாருடையது?

அகமதாபாத்தில் உலகக் கோப்பைக் கடைசி ஆட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை, மலையில் முருகனுக்குத் திருக்கல்யாணம். சின்னம்மாள் போய்க் கல்யாணப் பிரசாதம் வாங்கிவந்து மகன் நெற்றியில் விபூதி அப்பினாள். அவள் சொன்னதால் எல்லோருக்கும் மோர் கொண்டுவந்த துர்காவின் கண், போகிற போக்கில் டிவியில் பட்டுவிட்டது. வாய் கேட்கவில்லை. "போச்சு."

வீடே நம்பிக்கொண்டிருந்த ஆட்டக்காரர் பந்தைத் தன் ஸ்டம்பிலேயே இழுத்துவிட்டுக்கொண்டார்.

பரந்தாமன் கையிலிருந்த மோர்ச் சொம்பு அவள் இடது காதில் விழுந்தது. எழுந்துவந்து சடையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, நிலைப்படியில் தலையை மோதினான். நிலைப்படியில் பூசின மஞ்சள் சிவப்பானது. "வுட்றா, அடுத்தவன் பேட்டிங் வந்துட்டான்" என்றான் முருகவேல், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். காதிலிருந்து வந்த ரத்தம் மறுநாளும் நிற்கவில்லை. அந்தக் காது அதோடு போய்விட்டது.

தேவயானிதான் வெந்நீர் வைத்துத் துடைத்தாள். துடைக்கும்போது கேட்டுவிட்டாள்: "பல்ல ஒட்ச்சவதானடி நீ? அந்தக் கை எங்க போச்சி?"

"அப்போ நைனா இருந்தாரு-க்கா. அட்ச்சிட்டு ஓடிப்போய் நிக்க ஒரு வூடு இருந்துச்சி" என்றாள் துர்கா.

தேவயானி துணியைத் திரும்ப வெந்நீரில் முக்கினாள். அவளுக்கும் அப்படி ஒரு வீடு இருந்ததில்லை.

அப்புறம் வந்ததுதான் துபாயில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பை. மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. நியூசிலாந்துக்காரர்கள் ஆடி முடித்திருந்தார்கள். நம்மவர்கள் விக்கெட்டே விடாமல் நூறைத் தாண்டினார்கள். பரந்தாமன் விசில் அடித்தான். சமையல்கட்டில் கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அப்போது ஒருவன் அந்தரத்தில் பாய்ந்து ஒற்றைக் கையில் கேட்ச் பிடித்தான். வந்த அடுத்த ஆள் காலில் வாங்கிக்கொண்டு போனார். கேப்டனும் இறங்கி அடிக்கப் போய்க் கோட்டை விட்டார். மூன்று பேர் போனதும் பரந்தாமன் மாட்டுக்குச் சூடு போட்டாற்போல எழுந்தான். வாசலுக்கு ஓடி, மலையில் தெரிகிற விளக்கைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினான்.

"முருகா! தணிகாசலம்! இந்த ஒரு கப்ப மட்டும் குட்துடு. என் பொண்டாட்டி முடிய உனக்கு குட்துடறேன்!"

"அரோகரா!" சின்னம்மாளின் கை தானாகக் கும்பிட்டது. அப்புறம்தான் மூக்கு வேலை செய்தது. "கோழி வாசனைல வேண்டிகினியேடா பாவி."

"கோழிய மூடி வெய்ங்க" என்றான் முருகவேல்.

துர்கா கரண்டியோடு வெளியே வந்தாள். காது போன நாளிலிருந்து மேட்ச் நடக்கும்போது அவள் கூடத்துக்குள் காலெடுத்து வைத்தது அன்றைக்குத்தான்.

"யார் முடிய?"

"உன்னுதுதான். இன்னா இப்போ?"

"என் முடிய வேண்டிக்க நீ யாரு?"

"உன் புருஷன்டி."

"உன் தலைல இருக்கிறத வேண்டிக்கறதுதானே?"

"என் தலைல இன்னா கீது, பின்னால சொட்டை. சாமிக்கு நல்லதாப் பாத்துக் குடுக்க வேணாமா?" என்று பரந்தாமன் சிரித்தான். முருகவேலும் சிரித்தான்.

சின்னம்மாள் சிரிக்கவில்லை. மஞ்சள் நனைத்த துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து, கற்பூரம் காட்டி, டிவி ஸ்டாண்டின் காலில் கட்டிவிட்டாள். "வாய் வுட்டாச்சிமா. இனிமே அது சாமி முடி. நாம வெச்சிருந்தா குடும்பத்துக்கு ஆவாது."

அந்த வீட்டில் இது விளையாட்டில்லை. சின்னம்மாளின் நாத்தனார் ஒருத்தி காவடி வேண்டிக்கொண்டு எடுக்காமல் விட்டாள், தலைப்பிள்ளையைப் பாம்பு தீண்டியது. அந்தக் கதை கேட்டே தேவயானியின் பிள்ளைகள் சோறு தின்று வளர்ந்தார்கள். யார் வாயால் வேண்டினாலும் வீட்டில் யார் தலையிலும் அது விழும் என்பது அவர்கள் கணக்கு. அது தப்புக் கணக்கென்று அதுவரை யாரும் சொன்னதில்லை. தேவயானியும் சொல்லவில்லை. தன் பிள்ளைகள் இரண்டையும் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள்.

துர்கா சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்து போ என்று பரந்தாமன் சொல்லவில்லை. அடுத்தடுத்து விக்கெட் விழாமல் இருந்ததால் அவளும் அசையக்கூடாத ஆளாகிவிட்டாள். தேவயானி டிவியைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தியா தோற்றால் முடி மிஞ்சும், ஆனால் மிச்சமிருக்கிற காதும் போகும். ஜெயித்தால் உடம்புக்கு அடி இல்லை, முடி போய்விடும். இவள் எதை வேண்டுவாள்?

அவள் எதையும் வேண்டியதாகத் தெரியவில்லை. கண் மட்டும் பந்து போன பக்கமெல்லாம் போனது. ஒருவர் அவுட்டாகிறதுக்கு முன்னால் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கடைசியில் பந்தை இழுத்து அடித்தார்கள், பவுண்டரிக்கு ஓடியது. கோப்பை நம்முடையது. துர்கா தன்னை மறந்து கைதட்டிவிட்டாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. தெருவில் பட்டாசு வெடித்தது. பரந்தாமன் "அரோகரா" என்று அலறிக்கொண்டு அண்ணனைத் தூக்கிச் சுற்றினான். அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. தட்டின கை மெல்லப் பின்னால் போய்ச் சடையைப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலையிலேயே சின்னம்மாள் புழக்கடையில் மூன்று கல்லைக் கூட்டிப் புளியங்கட்டையை எரியவிட்டு, அண்டாவில் மஞ்சள் தண்ணீர் காயவைத்தாள். தலைக்கு ஊற்றிக்கொண்டு மலைக்குப் போகவேண்டும். பரந்தாமன் மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டான். பக்கத்துத் தெரு பக்தவச்சலத்தின் ஆட்டோ வாசலில் வந்து நின்றது.

"நான் வரல" என்றாள் துர்கா.

"அடியே, ரெண்டு மாசத்துல வளந்துடும்டி. ஊர்ல எவ்ளோ பொம்பளைங்க மொட்டை போட்டுகினு வராங்க" என்றான் பரந்தாமன்.

"அவங்க வேண்டிகினாங்க, போட்டுகினாங்க. நான் வேண்டிக்கல. வேண்டினவன் நீ, ஏறினு போ."

"அண்ணி, நீயாவது சொல்லு இவளுக்கு" என்று பரந்தாமன் தேவயானி பக்கம் திரும்பினான். தேவயானி கன்றுக்குட்டிக்கு வைக்கோல் உதறிப் போட்டாள். அவன் கொஞ்ச நேரம் கெஞ்சினான். பக்தவச்சலம் ஹாரன் அடித்தான். அந்தச் சத்தத்தில்தான் பரந்தாமனுக்குக் கோபம் ஏறியது. பளாரென்று ஒன்று விட்டான். சடையைச் சுற்றிப் பிடித்து இழுத்தான். துர்கா மாட்டுக் கொட்டகைத் தூணைக் கட்டிக்கொண்டாள். அவன் இழுக்க, அவள் பிடிக்க, கன்றுக்குட்டி மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அவன் அவள் விலாவில் மிதித்தான். கை தூணை விட்டது. மண்ணில் குப்புற விழுந்தவளை அடுப்புவரை இழுத்துக்கொண்டு வந்தான்.

"நீ வராட்டி போ. முடி வந்தாப் போதும் சாமிக்கு."

கூரையில் செருகியிருந்த கதிர் அரிவாளை எடுத்தான். முதுகில் முழங்காலைப் போட்டு அழுத்திக்கொண்டு சடையை அறுக்க ஆரம்பித்தான். காய்ந்த வைக்கோலை அறுக்கிற சத்தம். முடி வழுக்கியது, அரிவாள் வழுக்கியது, பிடரியில் இறங்கியது. மஞ்சள் வேட்டியில் ரத்தம் தெறித்தது. அவன் நிறுத்தவில்லை. "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டே அறுத்தான்.

துர்கா காலை உதைத்தாள். "காலப் புடி அண்ணா!" என்று பரந்தாமன் கத்தினான். முருகவேல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

தேவயானி குறுக்கே போய் நின்றாள். அவளுக்கே தெரியாது ஏன் நின்றாளென்று.

"நகரு."

"மாட்டேன்."

முருகவேல் அறைந்தான். அவள் நகரவில்லை. இன்னொன்று அறைந்தான். உதடு கிழிந்தது. "கொன்னு போடு, நகர மாட்டேன்" என்றாள்.

அந்த நேரத்துக்குள் சடையில் பாதி கையோடு வந்துவிட்டது. அறுந்த முடியைப் பார்க்கப் பரந்தாமன் கொஞ்சம் நிமிர்ந்தான். முழங்கால் கொஞ்சம் லேசானது. துர்காவின் கை அடுப்பை எட்டியது. எரிகிற புளியங்கட்டையை நெருப்போடு உருவினாள். திரும்பிப் படுத்தபடியே அவன் தலையில் ஒன்று போட்டாள். பொறி பறந்தது. அவன் அரிவாளை விட்டுவிட்டு மண்டையைப் பிடித்தான். எழுந்து நின்று இரண்டாவது போட்டாள். மண்டைத் தோல் வாழைப்பூ மடல் மாதிரிப் பிளந்து நெற்றியில் தொங்கியது. அவன் உட்கார்ந்தான், அப்புறம் சாய்ந்தான். மூன்றாவதுக்கு ஓங்கினாள்.

சின்னம்மாள் மகன்மேல் விழுந்து மூடிக்கொண்டாள்.

"அத்தே, எய்ந்துக்க."

"என்னை அடி. என் அண்ணன் பொண்ணு கைல சாவறேன். அடி."

துர்கா ஓங்கின கையோடு நின்றாள். முருகவேல் வேலிப் பக்கம் ஒதுங்கிவிட்டான். பிறகு அவள் கட்டையை அடுப்பிலேயே திரும்பச் செருகினாள், சமையல் பாதியில் இருக்கிற மாதிரி.

பக்தவச்சலம்தான் உள்ளே ஓடிவந்து, "மலைக்குன்னு கூப்ட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவ வெச்சிட்டீங்களே. தூக்குங்கப்பா!" என்றான். ஆட்டோ போனபிறகு புழக்கடையில் பெண்கள் இரண்டு பேர்தான். அறுந்த சடை மண்ணில் கிடந்தது. திரும்பிவந்தால் சின்னம்மாள் இதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு நேரே மலை ஏறுவாள் என்று தேவயானிக்குத் தெரியும். சடையை எடுத்தாள். அடுப்பில் போட்டாள். நெருப்பு சரசரவென்று பிடித்துக்கொண்டது, கொல்லை முழுக்க நாற்றம்.

"அக்கா! சாமி முடி-ன்னாங்களே" என்றாள் துர்கா, பிடரியைப் பொத்திக்கொண்டு.

"கோச்சிகினா என்மேல கோச்சிக்கட்டும். வா ஆஸ்பத்திரிக்கு, பஸ்ஸு போயிடும்."

திருத்தணி ஆஸ்பத்திரியில் தையல் போடுவதற்காகப் பரந்தாமனின் தலையை முன்னால் பாதி மழித்தார்கள். பார்க்கக் கண்றாவியாக இருக்கிறதென்று மிச்சத்தையும் அவனே மழிக்கச் சொல்லிவிட்டான். போலீஸ்காரர் வந்து கேட்டபோது சின்னம்மாள், "மாடு முட்டிச்சி சார்" என்றாள். நெருப்புக் காயம் எப்படி வந்தது என்றார் அவர். சின்னம்மாள் யோசித்துக்கொண்டிருந்தபோது துர்கா உள்ளே வந்தாள். பிடரியில் சுற்றின புடவைத் துணியைப் பிரித்துக் காட்டினாள்.

"மாடு இல்ல சார். நான்தான் அட்ச்சேன். எதுக்கு அட்ச்சேன்னு இத்த பாத்து எழுதிக்கோங்க."

எழுதினார்கள். அப்புறம் ஊரில் பெரியவர்கள் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கேஸ் வேண்டாமென்று பேசி முடித்தார்கள். டீக்கடையில் பக்தவச்சலம் வண்டியை நிறுத்தும்போதெல்லாம், "முருகன் ஆளைப் பாத்துத்தான் வாங்கிகினான்" என்று ஆரம்பித்துவிடுவான்.

சின்னம்மாளுக்கு அது நகைச்சுவையாகப் படவில்லை. அடுப்புச் சாம்பலில் சடையைத் தேடி ஏமாந்தவள், ஆஸ்பத்திரியில் கூட்டித் தள்ளின மகன் முடியைத் துண்டில் வாரிவைத்திருந்தாள். அதை எடுத்துக்கொண்டு ஒற்றை ஆளாகப் படியேறி, மலையில் சேர்த்துவிட்டு வந்தாள். மகன் தலை முடியே போய்ச் சேர்ந்துவிட்டதால் வேண்டுதல் தீர்ந்தது என்பது அவள் தீர்ப்பு. பொதட்டூர்பேட்டைக்குப் போய், ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தம்பி இருக்கிற தாய் வீட்டுக்குப் போய்விட்ட துர்காவின் கையைப் பிடித்தாள்.

"கடன் தீந்துபோச்சிமா. இனிமே உன்ன தொட மாட்டான். வூட்டுக்கு வா."

"அடுத்த கப்பு எப்போ வருது அத்தே?" என்று துர்கா கேட்டாள்.

சின்னம்மாள் எழுந்தாள். கொண்டுவந்த வாழைப்பழத்தை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

தாய் வீட்டிலும் துர்கா நெடுநாள் இருக்கவில்லை. தம்பி பெண்டாட்டி முகம் சுளித்தாளாம். பரந்தாமன் இரண்டு முறை போய்த் தெருமுனையில் நின்று பார்த்தான். மூன்றாம் முறை போனபோது ஆள் இல்லை.

துர்கா இப்போது ஆந்திரா பக்கம் நகரியில் இருக்கிறாள். ஒரு தறிக் கொட்டகையில் வேலை, பின்னாலேயே போய் நிற்க ஒரு அறை.